காய்ச்சல் விடவில்லையா? உடலில் கரும்புண் இருக்கிறதா பாருங்கள்

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்கு, டைபாய்டு பரிசோதனைகளைச் செய்கிறோம். இரண்டும் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நோய் ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதுவது இதைத்தான்.

ஆடு, மாடு, நாய்களின் மேல் நாம் பார்க்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதர், புல்வெளி, வயல்களில் வாழும் வேறொரு நுண்ணிய பூச்சியின் குஞ்சுதான் கடிக்கிறது. அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால் கடித்ததே தெரியாது. ஏறக்குறைய 10 நாட்கள் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றாது.

கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்புண் இருக்கும். அது வலிக்காது. பெரும்பாலும் அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடை இடுக்கு போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. கண்டாலும், குறிப்பாக நம் பெண்கள், மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

வெட்கம் நல்ல குணம்தான். ஆனால் மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவு அவ்ரத்தைக் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளார்கள். பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் காட்டலாம். இல்லாவிட்டால் ஆண் மருத்துவரிடமும் காட்டலாம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் போர்களில் காயம்பட்ட ஆண்களுக்கு ருபைய்யிஃ (ரலி) போன்ற பெண்கள் மருத்துவம் செய்ததை நாம் அறிவோம்.

இதற்கான மருந்து டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை. தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். கடையில் நாமே வாங்கிப் போடும் அமாக்சிசிலின் இதற்குப் பயன்படாது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாய் உண்ணி கடித்தும் காய்ச்சல் வரலாம். அதில் உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவந்த தடிப்புகள் தோன்றும். அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

எனவே காய்ச்சல் கண்டவரின் உடல் முழுவதையும் வீட்டிலேயே பாருங்கள். பிள்ளைகளைத் தாய் பார்க்கட்டும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளத் தடையில்லை. புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும், அண்மையில் வயலுக்கோ புதர்ப்பக்கமோ போயிருந்தால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.