கைவிட்டுப் போகாத எட்டாவது பட்டம்

2014 டிசம்பர், கெய்ரோ. உலக ஸ்குவாஷ் இறுதியாட்டம். நான்காவது செட்டில் எகிப்தின் ரனீம் எல் வெலிலி 10-6 என முன்னிலை. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் பட்டம் அவருக்கு. எதிரே நின்றவர் நம் பினாங்குப் பெண், 31 வயது டத்தோ நிக்கோல் டேவிட். நான்கு வாய்ப்புகளையும் தடுத்தார். செட்டை 14-12 என வென்றார். அடுத்த செட்டில் எட்டாவது உலகப் பட்டமும் அவர் வசமானது.

ஐந்து வயதில் இங்கே மட்டை பிடித்தவர், பின்னர் ஆம்ஸ்டர்டாமில் லிஸ் இர்விங்கிடம் பயின்றார். 2006 முதல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல்நிலை வீராங்கனை. ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கிடைக்கவில்லை. அவர் ஆடிய காலத்தில் ஸ்குவாஷ் ஒலிம்பிக்கில் இல்லை.

2019இல் அவர் ஓய்வு பெற்றார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் அறிமுகமாகிறது. புக்கிட் டும்பாரில் அவர் பெயர் தாங்கிய அரங்கில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு, அவருக்குத் திறக்காத அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது.