ஜப்பான் வண்டிக்கு அமெரிக்க மூக்கு

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. தீசிஸ், ப்ரொஃபசர், முழங்கால் அளவு பனின்னு புலம்பினா நீங்க ஓடிடுவீங்க. அதனால இந்தக் குளிர்காலம் பூரா சனி ஞாயிறுகளில் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு சொல்லிடறேன். ஒரு பைக்கோட மூஞ்சியைக் கழட்டிட்டு வேற மூஞ்சி வெச்சோம்.

டிஸ்கி: நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். அலர்ஜி இருக்கிறவங்க அந்தப் பாராவை மட்டும் தாண்டிக் குதிச்சிடுங்க. ஆனா பிரேக் பத்தி வர்ற பாராவைத் தாண்டாதீங்க. அதுக்காகத்தான் இந்தப் பதிவே.

வண்டி என்னோடது இல்ல (மாணவன் கிட்ட ஏது சாமி காசு!). நம்ம மதுரைக்கார நண்பரோடது. இங்க மில்வாக்கியில் வேலை, வீட்டுல இருந்து ஆபீஸ் 28 மைல், பாதிக்கு மேல ஹைவே. ரெண்டாம் கையா ஒரு யமஹா வி-ஸ்டார் 650 வாங்கினார். நல்ல வண்டி, சொன்ன பேச்சு கேக்கும். ஆனா ஹார்லி பொறந்த ஊர்ல குடியிருந்தா சும்மா இருக்க முடியுமா? அங்க இருக்குற ஹார்லி மியூசியத்துக்கு ஒரு நாள் போயிட்டு வந்தவர், பழைய வண்டிகளோட முன்பக்கத்தைப் பாத்து மயங்கிட்டார். “டேய், அந்த ஸ்பிரிங்கர் மாதிரி என் வண்டிக்கும் வேணும்டா”ன்னு ஆரம்பிச்சது.

ஸ்பிரிங்கர்னா என்ன? நம்ம வண்டிகள்ல சாதாரணமா இருக்கறது டெலஸ்கோப்பிக் ஃபோர்க். ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய், உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். ஸ்பிரிங்கர்ல எல்லாம் வெளியே தெரியும். பின்னாடி ரெண்டு கால், முன்னாடி ரெண்டு கால். பின்னாடி கால் கழுத்தோட சேந்தது, அசையாது. அதோட அடியில் ராக்கர்னு ஒரு சின்னக் கட்டை கீல் மாதிரி மாட்டியிருக்கும். முன்னாடி காலும் சக்கரத்தோட அச்சும் அந்த ராக்கர்லதான் உக்காந்திருக்கும், கீலுக்கு முன்பக்கமா. சக்கரம் மேட்டுல ஏறினா ராக்கர் மேலே சுழலும், முன்னாடி கால் மேலே போகும், ஹெட்லைட் பக்கத்துல பளபளன்னு நிக்கிற சுருள் ஸ்பிரிங் அமுங்கும். நீள ஸ்பிரிங் அடியை வாங்கிக்கும், குட்டை ஸ்பிரிங் திரும்பித் துள்ளுறதை அடக்கும். அம்புட்டுதேன். பாத்தாலே புரியற மெஷின். எனக்கு அதுல ஒரு மயக்கம் உண்டுன்னு ஒத்துக்கறேன்.

அப்புறம் ஏன் கைவிட்டாங்க? எண்ணெய் இல்லாத ஸ்பிரிங் ஆட ஆரம்பிச்சா ஆடிக்கிட்டே இருக்கும். ஓட்டமும் கம்மி. பிஎம்டபிள்யூ 1935-லேயே ஆர் 12 வண்டியில் எண்ணெய் போட்ட டெலஸ்கோப்பிக் ஃபோர்க் கொண்டு வந்துட்டாங்க. ஹார்லி பெரிய வண்டிகள்ல 1948 மாடல் வரைக்கும் ஸ்பிரிங்கர்தான், 1949-ல் ஹைட்ரா-கிளைட் வந்தது. பேரே ஹைட்ராலிக் ஃபோர்க்கை வெச்சுத்தான். அந்த 1948 பான்ஹெட் இருக்கே, புது எஞ்சின் பழைய மூக்கு ரெண்டும் சேந்து வந்த ஒரே வருஷம். அதனாலேயே சேகரிக்கிறவங்க அதுக்கு உசிரை விடறாங்க. கொடுமை என்னன்னா, 40 வருஷம் கழிச்சு 1988-ல் ஹார்லியே ஸ்பிரிங்கர் சாஃப்டெயில்னு அதே பழைய மூக்கைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. பழைய மோகம் அப்பவே காசு ஆயிடுச்சு. கடைசியா கிராஸ் போன்ஸ்னு ஒரு மாடல், 2011-ஓட அதுவும் போச்சு. இப்போ வேணும்னா வெளிக் கம்பெனி கிட் வாங்கித்தான் மாட்டணும்.

நாங்களும் கிட்தான் வாங்கினோம், 650 டாலர். நண்பர் “அவ்ளோதானா”ன்னார். அது வெறும் முன்பணம்னு அப்புறம்தான் புரிஞ்சது.

முதல் தலைவலி கழுத்து. நம்மூர் மெக்கானிக் பாஷையில் கோன் செட் உக்கார்ற இடம். கிட்டோட தண்டு ஹார்லி அளவு, 1 அங்குலம். யமஹாவோட கழுத்து மில்லிமீட்டர் கணக்கு. வெளிவட்டம் ஜப்பான் கழுத்துக்கும் உள்வட்டம் அமெரிக்கத் தண்டுக்கும் பொருந்தற மாதிரி டேப்பர் ரோலர் பேரிங் தேடிப் புடிக்கணும். தண்டு நீளமும் கழுத்து நீளமும் வேற வேற, அதுக்கு ஒரு ஸ்பேசர் கடையணும். இங்கதான் என் வீட்டுக்கார அமெரிக்கப் பெரியவர் உள்ளே வர்றார். 35 வருஷம் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கராஜ்ல சின்ன லேத்தும், கால் மட்டும் சூடாகிற ஒரு ஹீட்டரும் வெச்சிருக்கார். ஸ்பேசரை அரை மணி நேரத்துல கடைஞ்சு கொடுத்துட்டு, கூலியா சாம்பார் கேட்டார். கொடுத்தோம்.

அடுத்தது கிட்டையே அவர் கையில எடுத்து, க்ரோம் மேல கண்ணாடி வெச்சுப் பாத்தார். பளபளப்பு நல்லாத்தான் இருந்தது. “க்ரோம் பூச்சு வெல்டிங்குக்குப் போடற மேக்கப். அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்”ங்கற அர்த்தத்துல என்னமோ சொன்னார். இதுல நான் படிக்கிற பாடமும் கொஞ்சம் இருக்கு. கெட்டியாக்கின எஃகுக்கு, அதாவது ஸ்பிரிங், வலுவான போல்ட் மாதிரி சாமான்களுக்கு, க்ரோம் முலாம் போடறப்ப ஹைட்ரஜன் உள்ளே புகுந்துக்கும். முலாம் போட்ட கையோட 190 டிகிரி செல்சியஸ் சுத்தி பல மணி நேரம் அடுப்புல வெச்சு அதை வெளியேத்தணும். அந்த வேலையை மிச்சம் புடிச்சா பாக்க ஜம்முனு இருக்கும், ஒரு நாள் சொல்லாம கொள்ளாம கண்ணாடி மாதிரி உடையும். கிட்டோட வந்த பளபள போல்ட்டுகளை எல்லாம் ஓரம் கட்டிட்டு, கிரேடு முத்திரை இருக்கற கறுப்பு போல்ட் வாங்கினோம். நண்பருக்கு முகம் சுருங்கிடுச்சு. ஒரு பக்க ராக்கர் புஷ் வேற லொடலொடன்னு இருந்தது. வித்த கடை பேர் வேண்டாம், பதில் மெயில்கூட வரல. பெரியவர் புதுசா வெண்கல புஷ் கடைஞ்சு போட்டார். (ரெண்டாவது சாம்பார்.)

இப்போ கணக்கு. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி முன் சக்கரத்தைக் கவனிச்சிருக்கீங்களா? சக்கரம் தரையைத் தொடற இடம், அது சுழல்ற அச்சுக்குப் பின்னாடி இழுபட்டுக்கிட்டே வரும். அதனாலதான் நேரா ஓடுது. பைக்லயும் அதேதான். கழுத்து அச்சைக் கோடு போட்டு தரை வரைக்கும் நீட்டினா, சக்கரம் தரையைத் தொடற இடம் அதுக்கு எவ்ளோ பின்னாடி இருக்கோ, அதுக்குப் பேர் டிரெயில். எங்க வண்டியில் கழுத்துச் சாய்வு 35 டிகிரி, சக்கர ஆரம் 330 மில்லிமீட்டர், கழுத்து அச்சுல இருந்து சக்கர அச்சு முன்னாடி தள்ளியிருக்கிற தூரம் 65. ஆரத்தை 35 டிகிரியோட டேன்ஜென்ட்டால பெருக்கினா 231. 65-ஐ கோசைனால வகுத்தா 79. கழிச்சா 152 மில்லிமீட்டர் டிரெயில். ஸ்பிரிங்கர்ல அந்த 65, 90 ஆயிடுது. ஃபோர்க்கும் 2 அங்குலம் நீளம், அதனால வண்டி மூக்கைத் தூக்கி சாய்வு ஏறக்குறைய 36 அரை ஆகுது. திரும்பக் கணக்குப் போட்டா சுமார் 132. சரி, ஓட்டலாம். ஆனா ஸ்டைலுக்காக இன்னும் முன்னாடி தள்ளி 150 ஆக்கினா டிரெயில் 60-க்கும் கீழே போயிடும். ஹைவேல ஒரு சின்னப் பள்ளம் போதும், ஹேண்டில்பார் பைத்தியம் புடிச்ச மாதிரி ரெண்டு பக்கமும் அடிக்கும். ரொம்ப அதிகமானாலும் வம்பு, சிக்னல்ல மெதுவா திருப்பறப்ப சக்கரம் தொபுக்குன்னு ஒரு பக்கம் சாயும். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பேப்பர்ல பாத்துக்கற கணக்குதான் இது. படத்தைப் பாத்து ஆர்டர் போடறவங்க பாதிப் பேர் இதைப் போடறதில்ல.

சரி, பிரேக்.

நண்பர் முதல்ல இருந்தே ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தார். முன் சக்கரத்துல ஒண்ணுமே இருக்கக்கூடாது. டிஸ்க், காலிப்பர், ஹோஸ், லீவர் எதுவும் கூடாது. வெறும் கம்பிச் சக்கரம், அதுதான் அழகாம். 1969-ல் வந்த ஈசி ரைடர் படத்துல கேப்டன் அமெரிக்கா வண்டிக்கு முன் பிரேக்கே கிடையாதேன்னு வாதம் வேற. “பின்னாடி பிரேக் இருக்குல்லடா, போதாதா?”

இதுக்கு வாய்ல பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லன்னு பெரியவரோட ஒர்க் பெஞ்ச் மேல சாக்பீஸ்ல எழுதினேன். ஓட்டறவரோட சேத்து வண்டி எடையில் 48 சதவீதம் முன் சக்கரத்து மேல, 52 பின் சக்கரத்து மேல. பிரேக் அடிச்சா எடை முன்னாடி சாயும். பின் சக்கரம் லேசாகும், லேசானா பிடிப்பும் போகும். அதாவது பின் பிரேக்கை அமுத்த அமுத்த அது தன் காலையே வெட்டிக்குது. காய்ஞ்ச ரோடு, நல்ல டயர், எடையோட மையம் 55 சென்டிமீட்டர் உயரம், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 161 சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். மணிக்கு 60 மைல் வேகத்துல ரெண்டு பிரேக்கும் ஒழுங்கா புடிச்சா சுமார் 46 மீட்டர்ல நிக்கலாம். பின் பிரேக் மட்டும்னா 112 மீட்டர். இது ஓட்டறவர் யோசிக்கிற நேரத்தைச் சேக்காத கணக்கு. மழை பெஞ்சா இன்னும் மோசம்.

வித்தியாசம் 66 மீட்டர். நண்பர் தினம் போற ஹைவேல காலை ஏழரை மணிக்கு முன்னாடி போற கார் திடீர்னு நின்னா, அந்த 66 மீட்டரை எங்கே போய் வாங்கறது? கேப்டன் அமெரிக்கா ஆபீசுக்குப் போகலையேப்பா.

மனுஷன் ஒண்ணும் பேசல. ரெண்டு வாரம் கராஜ் பக்கமே வரல. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்தது, அவர் வண்டி, அவர் காசு. ஆனா நான் ஸ்பேனரைத் தொடணும்னா பிரேக் இருக்கணும்னு சொல்லிட்டேன். பெரியவர் அவரையே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், “உன் பொண்ணுக்கு எத்தனை வயசு?” (மூணு.) அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன டிஸ்க்கும் பழைய ஸ்டைல் காலிப்பரும் கையில வெச்சிக்கிட்டு வந்து நின்னார்.

ஸ்பிரிங்கர்ல பிரேக் மாட்டறதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. காலிப்பர் பிராக்கெட் அச்சு மேல உக்காரும். பிரேக் புடிச்சா அது சக்கரத்தோட சேந்து சுத்தப் பாக்கும். அதை ராக்கர்லயே போல்ட் பண்ணிட்டா, பிரேக் விசை ராக்கரைத் திருகி, வண்டி முன்பக்கம் அமுங்கறதுக்குப் பதிலா மேலே எழும்பும், சஸ்பென்ஷனும் இறுகிடும். அதனால பிராக்கெட்டுல இருந்து அசையாத பின்னாடி காலுக்கு ஒரு கம்பி இணைப்பு கொடுக்கணும், ராக்கருக்குக் கிட்டத்தட்ட இணையா. அந்தக் கம்பியோட போல்ட் கழண்டா காலிப்பர் சுத்தி, கம்பிகள்ல சிக்கி, சக்கரம் இறுகி நிக்கும். அப்புறம் நடக்கறதைச் சொல்ல வேண்டியதில்ல. அங்கே காஸ்டில் நட்டும் காட்டர் பின்னும் போட்டோம். மொத்த வண்டியில நான் மூணு தடவை சரி பாத்த இடம் அதுதான்.

மீதியைச் சுருக்கமா சொல்லிடறேன். ஸ்பீடோ கேபிள் பழைய முன் சக்கரத்துல இருந்து வந்தது, அது போச்சு, ஜிபிஎஸ் ஸ்பீடோ வந்தது. ஹெட்லைட் பிராக்கெட் தனிக் காசு. பேரிங் இறுக்கறதுக்குப் பெரியவர் வழி: முன் சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கி, ஹேண்டில்பாரை நடுவுல இருந்து லேசா தட்டினா தன் எடையிலேயே ரெண்டு பக்கமும் விழணும், ஃபோர்க்கைப் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினா லொடக்குன்னு சத்தம் வரக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடத்தைத் தேடவே ஒரு சாயங்காலம் போச்சு. மொத்தச் செலவு 1,480 டாலர், சாம்பார் நீங்கலாக.

ஏப்ரல்ல ரோட்டு உப்பு கழுவிப் போனதும் வெளியே எடுத்தோம். முதல்ல காலி பார்க்கிங் லாட்ல 10 மைல், 20 மைல், கையை லேசா விட்டுப் பாத்தோம், ஆட்டம் இல்ல. அப்புறம் பிரேக், மெதுவா, அப்புறம் பலமா. மூக்கு நிமிரவும் இல்ல, குனியவும் இல்ல. குண்டு குழியில் மட்டும் டெலஸ்கோப்பிக் வண்டி கிட்ட பிச்சை வாங்கணும், மணிக்கட்டு சொல்லும். இப்போ 500 மைல் ஆச்சு. ராக்கர் நிப்பிள்ல கிரீஸ் அடிச்சோம், எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கினோம், ஒண்ணு மட்டும் கால் சுத்து லூசா இருந்தது. ஃபெண்டர் இன்னும் மாட்டல, மழையில் ஆளு சேத்துல குளிச்சிட்டு ஆபீஸ் போறார்.

நம்ம சென்னைக்காரங்க ராயல் என்ஃபீல்டும் இந்தப் பழைய மோகத்துல இறங்கியாச்சு. ரெண்டாம் உலகப் போர்ல பாராசூட் வீரர்களுக்காக இங்கிலாந்துல செஞ்ச ஃப்ளையிங் ஃப்ளீ வண்டியில கர்டர் ஃபோர்க் இருந்தது, அதாவது மேலே இணைப்புக் கட்டைகள் வெச்சு மொத்த ஃபோர்க்கும் ஏறி இறங்கற ரகம், ஸ்பிரிங்கருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். அதே பேர்ல 2024 நவம்பர்ல மிலான்ல ஒரு மின்சார பைக் காட்டினாங்க, கர்டர் ஃபோர்க்கோட. முன் பிரேக்கும் இருக்கு, நண்பருக்குப் படம் அனுப்பியாச்சு :-)

ஊர்ல யாராச்சும் கர்டரோ ஸ்பிரிங்கரோ வெச்ச பழைய வண்டியை இன்னும் ஓட்டிக்கிட்டு இருந்தா சொல்லுங்க மக்களே. புஷ்ஷுக்கு என்ன பண்றாங்கன்னு கேக்கணும்.