கொழுந்து வாட்டும் விசிறியும் சூட்டுக்காற்றும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் மாடி, இரவு முழுவதும் மின்சாரத்தையும் விறகையும் உண்ணும் இடமாகும். 2022 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் இலங்கையின் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்த்தப்பட்டபோது, அதுவரை எவரும் கணக்குப் பாராதிருந்த விசிறிகள் கணக்கில் வந்தன. கட்டணம் பின்னர் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. எனினும் வீணாகச் சுழலும் விசிறிக்கும், தேவையின்றி எரியும் அடுப்புக்கும் கொடுக்கும் பணம் எக்காலத்திலும் வீண்பணமே.

வாட்டுதலின் நோக்கம் யாதெனில், கொழுந்திலுள்ள நீரில் ஒரு பகுதியை மெதுவாக அகற்றி, இலையை உருட்டுதற்கேற்ற பதத்துக்குக் கொணர்வதாகும். 100 கிலோகிராம் பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ 80 கிலோகிராம் நீர் உண்டு. நீர் நூற்றுக்கு 55 பங்காகும்வரை வாட்டினால் எஞ்சும் நிறை 44 கிலோகிராம் அளவினதே. மீதி 56 கிலோகிராமும் காற்றோடு போய்விடும். இந்நீரை ஆவியாக்கும் வெப்பத்தை அடுப்புத்தான் கொடுக்க வேண்டுமென்பதில்லை. காற்றிலேயே அவ்வெப்பம் உண்டு. காற்று இலையினூடே செல்லும்போது தான் குளிர்ந்து இலையின் நீரை ஆவியாக்குகின்றது. அது எவ்வளவு குளிரக்கூடும் என்பதை உலர்குமிழ் வெப்பமானிக்கும் ஈரக்குமிழ் வெப்பமானிக்கும் உள்ள வேறுபாடு காட்டும்.

இவ்வேறுபாடு 4 பாகை செல்சியசாயின், ஒரு கிலோகிராம் நீரை அகற்ற ஏறத்தாழ 550 கன மீட்டர் மலைநாட்டுக் காற்று போதும். 2 பாகையாயின் அதைப்போல் இருமடங்கு காற்று வேண்டும். அரைப் பாகையாயின் விசிறி விடியும்வரை சுழன்றாலும் கொழுந்து வாடாது. ஆகவே விசிறியை எவ்வளவு ஓட்டுவது, சூட்டுக்காற்றை எப்போது திறப்பது என்னும் இரண்டையும் சொல்லவேண்டியது கடிகாரமன்று, இவ்விரு வெப்பமானிகளே.

இவ்விடயத்தில் ஊவாவுக்கு இயற்கை தனிச்சலுகை அளித்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, நுவரெலியா, ஓட்டன் சமவெளி ஆகிய உயரங்களைக் கடந்து பதுளைப் பக்கம் இறங்குகின்றது. மேகம் கலைந்தபின் கீழிறங்கும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பாகை சூடேறும். சூடேற ஏற அதன் சாரீரப்பதன் குறையும். மக்கள் கச்சான் என வழங்கும் இக்காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களே ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் தோன்றும் காலமுமாகும். பழைய தொழிற்சாலைகளை உயர்ந்த மாடிகளோடும் வரிசை வரிசையான சன்னல்களோடும் கட்டியவர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். சாக்குத்துணித் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பிய கொழுந்தை, சன்னல்களைத் திறந்துவிட்ட அளவிலேயே வாட்டினர்.

பிற்காலத்தில் வாட்டும் தொட்டிகள் வந்தன. கம்பிவலை மேல் கனமாகப் பரப்பிய கொழுந்தினூடே, தொட்டியின் ஒரு தலைப்பிலுள்ள விசிறி காற்றைச் செலுத்துகின்றது. இடம் மிச்சமாயிற்று, வேலையும் எளிதாயிற்று. ஆனால் பிற்பகலில் பொத்தானை அழுத்தினால் விடியற்காலை வரை அதனைத் தொடாத வழக்கமும் உடன் வந்துவிட்டது. கச்சான் காலத்திலும் அடுப்புக்காற்றைச் சிறிது திறந்துவைக்கும் தொழிற்சாலை, மணத்தையும் விறகையும் ஒருங்கே இழக்கின்றது. இலை வேகமாகக் காய்ந்துவிட்டால், மணத்தைத் தரும் உள்மாற்றங்கள் நிகழ அவகாசமிராது.

வாடைக்காற்றோடு மழை பெய்யும் ஐப்பசி முதல் தை வரையான காலத்தில் நிலைமை வேறு. 17 பாகையில் நீராவி நிறைந்து நிற்கும் இரவுக்காற்றை 4 பாகை சூடாக்கினால், ஈரக்குமிழும் ஒரு பாகைக்குச் சற்று மேல் ஏறிவிடும். ஆதலால் கிடைக்கும் வேறுபாடு 3 பாகைக்கும் குறைவே. இதற்கு ஆகும் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். விநாடிக்கு 9 கன மீட்டர் காற்றைத் தள்ளும் தொட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோவாற்று வெப்பம் தேவை. அத்தொட்டியின் விசிறி மோட்டர் 5 குதிரைவலுவாயின், அது எடுப்பது 4 கிலோவாற்றளவே. எனவே சூட்டுக்காற்று திறந்திருக்கும் வேளையில் விசிறியை வேண்டியதற்கு மேல் ஓட்டுவோர், மின்சாரத்தைவிட விறகையே மிகுதியாக இழக்கின்றனர். விசிறியும் சூடும் இரண்டு தனிக் கட்டுப்பாடுகள் அல்ல.

மழையில் நனைந்த கொழுந்துக்கு முதலிற் செய்யவேண்டியது, மேலே ஒட்டிய நீரை முழுக்கதிக் காற்றால் விரைவில் அகற்றுவதே. அந்நீர் போனபின், இலையின் உள்நீர் மெதுவாகவே வெளிவரும். வாட்டம் முதிர முதிர இன்னும் மெதுவாகும். அப்போது செலுத்தும் காற்றிற் பெரும்பகுதி, கொள்ளக்கூடிய நீராவியைக் கொள்ளாமலே வெளியேறிவிடும். விசிறியின் கதியைக் குறைக்கவேண்டிய தறுவாய் இதுவாகும்.

கதியைக் குறைப்பதனால் வரும் இலாபம் பலர் எண்ணுவதைவிடப் பெரிது. விசிறிக்கு வேண்டிய வலு கதியின் மும்மடியைப் பொறுத்தது. கதி நூற்றுக்கு 80 ஆனால் வலு 51 ஆகவும், 70 ஆனால் 34 ஆகவும் குறைகின்றது. மின்னோட்டத்தின் மீடிறனை 50 இலிருந்து 35 ஆக இறக்கும் மீடிறன் மாற்றி என்னும் கருவி இதனைச் செய்யும். மேற்கூறிய 5 குதிரைவலு விசிறி 12 மணித்தியாலம் முழுக்கதியில் ஓடின் ஏறத்தாழ 44 யூனிட் செலவாகும். முதல் 5 மணித்தியாலம் முழுக்கதியிலும், பின்னர் 7 மணித்தியாலம் நூற்றுக்கு 70 கதியிலும் ஓடினால் 27 யூனிட் போதும். கருவியில் ஏற்படும் சிறு இழப்பைக் கழித்தாலும், பத்துத் தொட்டியுள்ள தொழிற்சாலையில் ஓரிரவு மிச்சம் 150 யூனிட்டை அடுத்து நிற்கும். காற்று வாயிலைக் கதவால் அடைத்துக் காற்றைக் குறைப்பதில் இவ்வளவு மிச்சம் கிடையாது.

குளிர்சாதன அறைகளிலும் விசிறிக்கும் சூடேற்றிக்கும் உள்ள உறவு இத்தகையதே. அறைக்குள் விசிறி செலவிடும் மின்சாரம் வெப்பமாகி, அவ்வெப்பத்தை வெளியேற்ற மீண்டும் மின்சாரம் கேட்கும். கண்ணாடிக் கதவில் பனித்துளி படியாதிருக்க வைக்கும் சூடேற்றியும், காற்றின் ஈரத்தை அறியாமல் எந்நேரமும் எரியுமாயின் அறைக்குள் வெப்பமே சேர்க்கும். தேயிலை மாடியில் இவ்விரட்டைச் செலவு கண்ணுக்குத் தெரியாதபடியால் கவனிக்கப்படுவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மிச்சம் பிடிக்கும் ஆவலில் விசிறியை முற்றாக நிறுத்துதல் கூடாது. பறித்த கொழுந்து சுவாசிக்கின்றது. கனமாகக் குவிந்த இலை காற்றின்றிக் கிடந்தால் தானே சூடேறிச் சிவந்துவிடும். ஆகையால் கதியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் இலைப்படுகையின் அடியிலும் நடுவிலும் கைவைத்துப் பார்த்தல் நன்று. டீமேக்கரின் கை அறிவதை எந்தக் கருவியும் இன்னும் முழுதும் அறியவில்லை.

வெப்பமானிகளை இரண்டு மணிக்கொருமுறை வாசித்து, தொட்டி இலக்கத்தோடு குறித்துவைக்க வேண்டும். கச்சான் காலத்திலும் நள்ளிரவுக்குப் பின் வேறுபாடு குறைவதுண்டாதலால், மாலையில் எடுத்த வாசிப்பைக்கொண்டு இரவைக் கழித்தல் தகாது. வெப்பமானிகள் சூட்டுக்காற்றுக் கலந்தபின் விசிறி தள்ளும் காற்றிலே இருத்தல் வேண்டும். சூடு தேவையா என்று அறிய வெளிக்காற்றில் இன்னொரு சோடி வேண்டும். ஈரக்குமிழின் திரி அழுக்கேறினாலோ உலர்ந்துபோனாலோ வேறுபாடு உண்மையிலும் குறைவாகத் தோன்றும். அதனை நம்பி அடுப்பைத் திறப்போர் வீணே விறகெரிப்பர். எனவே திரியை வாரந்தோறும் மாற்றி, சிறு கிண்ணத்தில் தூய மழைநீர் எப்போதும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.