குளிர் தரும் இயந்திரமும் குளிர் காய்கிறது

அறையைக் குளிரச் செய்வதற்கென்றே பிறந்த ஓர் இயந்திரத்தின் அடிவயிற்றிலே, அதனைச் சூடாக வைத்திருப்பதற்கென ஒரு சிறு மின்னடுப்பையும் பொருத்தி அனுப்புகிறார்கள் என்று சொன்னால், கேட்போர் நகைக்கக்கூடும். பனி கொட்டும் நாடுகளுக்கு அது பொருந்தலாம்; பங்குனி வெயிலிலே பாதம் பொரியும் யாழ்ப்பாணத்தில் அதற்கென்ன வேலை என்றும் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், அவ்வடுப்பின் அருமையை அறியாமல், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, இயந்திரத்தையே இழந்துவிடுவோர் உண்டு. ஆதலின் அதைப் பற்றிச் சற்றே விரிவாக அறிந்துகொள்வது குடும்பத்தவர்க்கும் நன்று. விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கும் நன்று.

அந்தச் சிறு அடுப்பின் பெயர் கிராங்க்கேஸ் ஹீற்றர் என்பதாகும்.

இயந்திரத்தின் இதயம்

நாம் வழக்கிலே ‘ஏசி’ என்று சொல்லும் குளிரூட்டியில் இரு பகுதிகள் உள. ஒன்று அறைக்குள்ளே சுவரில் இருப்பது. மற்றையது வெளியே வெயிலிலும் மழையிலும் கிடப்பது. வெளியே கிடக்கும் பெட்டிக்குள்தான் கொம்பிரசர் இருக்கிறது. அறையிலிருந்து வரும் குளிரூட்டும் வாயுவை அது உறிஞ்சி, அமுக்கி, வெளிச் சுருட்குழாய்களுக்குள் செலுத்துகிறது. அங்கே வாயு தன் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் அத்திரவம் ஓர் ஒடுங்கிய வழியினூடாக அறைக்குள் வரும்போது அமுக்கம் குறைந்து கொதிக்கிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் நமக்குக் குளிர்ச்சி கிடைக்கிறது.

இடைவிடாது உழைக்கும் கொம்பிரசரின் அடியிலே எண்ணெய் நிறைந்திருக்கும். சுழலும் பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாமல் காப்பது அவ்வெண்ணெயே. மோட்டார் வாகனத்தில் எண்ணெயின் அளவைக் கோல் விட்டுப் பார்க்கிறோம். வீட்டுக் குளிரூட்டியிலோ மோட்டாரும் கொம்பிரசரும் எண்ணெயும் ஓர் உருக்குக் கூட்டுக்குள் வைத்து ஒட்டி மூடப்பட்டிருக்கின்றன. 1927ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட குளிர்சாதனப் பெட்டி, இவ்வாறு அடைத்து மூடும் முறையை வீடுதோறும் கொண்டு சென்றது. பழுது குறைந்தது, பராமரிப்பும் எளிதாயிற்று. ஆனால் உள்ளே எண்ணெய்க்கு நேரும் கதியைக் கண்ணால் காணும் வழி அடைபட்டுப் போயிற்று.

ஓய்வில் நடக்கும் களவு

இயந்திரத்தை நிறுத்தியதும் குளிரூட்டும் வாயுவும் ஓய்வு கொள்ளும் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அப்பொழுதுதான் அது மெல்லப் புறப்பட்டுக் கொம்பிரசரின் எண்ணெயைத் தேடிச் செல்கிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, எவ்விடம் மிகக் குளிர்ந்திருக்கிறதோ அவ்விடத்தில் ஆவி திரவமாகப் படியும். சோற்றுப் பானையின் மூடியில் நீர்த்துளிகள் திரள்வதை நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? மாரி காலத்தில் யன்னல்கள் பூட்டிய அறை வெதுவெதுப்பாக இருக்க, வெளியே கிடக்கும் பெட்டி மழையிலும் வாடையிலும் நனைந்து குளிர்ந்து கிடக்கும். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்து வெண்மையாகிவிடுவதை இல்லத்தரசிகள் அறிவர். அது உறைவது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில். அந்த அளவு குளிரே இக்களவுக்குப் போதுமானது.

இரண்டாவது காரணம் நுட்பமானது. குளிர் சிறிதும் இல்லாவிடினும், எண்ணெய்க்கு இவ்வாயுவைத் தன்னுள் இழுத்துக் கரைத்துக்கொள்ளும் இயல்பு உண்டு. சாடியில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவதை இதற்கு ஒப்பிடலாம். ஆகவே வெப்ப நாடு என்பதனால் நமக்கு முழு விலக்கு இல்லை. நெடுநேரம் நின்ற இயந்திரத்தில் எண்ணெய் தன் தடிப்பை இழந்து, நீர்த்த கரைசலாக மாறிக் கிடக்கும்.

விழிக்கும் வேளையில் விபத்து

இந்நிலையில் இயந்திரத்தை முடுக்கினால் நிகழ்வது யாது? கொம்பிரசர் உறிஞ்சத் தொடங்கியதும் எண்ணெயின் மேலுள்ள அமுக்கம் சட்டென்று வீழ்கிறது. சோடாப் போத்தலைத் திறந்தவுடன் நுரை பொங்குவது போல, எண்ணெயில் கரைந்திருந்த வாயு ஒரேயடியாகக் கொதித்தெழுகிறது. எண்ணெய் முழுவதும் நுரையாகிறது. நுரையோடு எண்ணெயும் குழாய்வழியே வெளியேற, சுழலும் பாகங்கள் எண்ணெயின்றி வறண்டு உராய்கின்றன. வாயுவை அமுக்கலாம், திரவத்தை அமுக்க இயலாது. ஆதலால் திரவம் உள்ளே புகுந்துவிட்டால் வால்வுகள் முறியவும் கூடும்.

இதில் வேடிக்கை என்னவெனில், இயந்திரம் உடனே இறந்துவிடுவதில்லை. சிறிது நேரம் ‘கடகட’ என்று முனகிவிட்டு ஓடத் தொடங்கும். இப்படிப் பல தடவை அடிபட்டபின் ஒருநாள் நின்றுவிடும். “நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது!” என்று வீட்டுக்காரர் வியப்பார். நோய் பல மாதங்களுக்கு முன்னரே புகுந்துவிட்டதை அவர் அறியார்.

கிராங்க்கேஸ் ஹீற்றர் இதனைத் தடுக்கிறது. கொம்பிரசரின் அடிப்பாகத்தைச் சுற்றி அரைஞாண் போல அது கட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் உள்ளே செருகப்பட்டிருக்கும். சிறு இயந்திரங்களில் அதன் வலு சில பத்து வாற்றுகளே. பழைய மின்குமிழ் ஒன்றின் அளவு எனலாம். கொம்பிரசர் ஓய்ந்திருக்கும்போது அது எண்ணெயைச் சுற்றுப்புறத்தைவிட வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. சூடான எண்ணெயில் வாயு அதிகம் தங்காது, வெளியேறிவிடும்.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்தறியலாம். ஒரே வகையான இரண்டு சோடாப் போத்தல்களுள் ஒன்றைக் குளிரவைத்து, மற்றொன்றை அறையிலேயே விட்டு, இரண்டையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். வெதுவெதுப்பானதே அதிகம் பொங்கும். வெப்பநிலை ஏற, திரவத்தில் வாயு கரையும் அளவு குறையும் என்ற விதியே கொம்பிரசரைக் காக்கும் விதியுமாகும்.

சிக்கல் வந்த வரலாறு

குளிர்ச்சி நம்மவரிடம் முதலில் கப்பலேறி வந்தது. அமெரிக்க ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டி 1833இல் கல்கத்தாவில் இறங்கியது. சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமித்து வைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. பின்னர் அமோனியாவைக் கொண்டு பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் பெருகின. அமோனியா சாதாரண இயந்திர எண்ணெயோடு அவ்வளவாகக் கலவாது. ஆனால் அது நச்சுத்தன்மை உடையதாதலின் வீட்டுக்குள் வைத்திருப்பதற்கு அஞ்சினர்.

1930ஆம் ஆண்டளவில் தோமஸ் மிட்ஜ்லியும் அவருடைய சகாக்களும், தீப்பற்றாததும் நஞ்சற்றதுமான புதிய வாயுவை அறிமுகம் செய்தனர். குளிர்ச்சி வீடுகளுக்குள் புகுந்தது. இவ்வாயுவோ எண்ணெயோடு நன்றாக உறவாடியது. அவ்வினத்து வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரியவந்து, 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் பின் அவை படிப்படியாக விலக்கப்பட்டன. எனினும் அவற்றின் இடத்தில் வந்த வாயுக்களுக்கும் அவற்றோடு கலக்கக்கூடிய எண்ணெயையே தேர்ந்தெடுக்கிறார்கள். குழாய்களுக்குள் சென்றுவிட்ட எண்ணெய் வாயுவோடு சேர்ந்து திரும்பி வரவேண்டுமே! ஓடும்போது நன்மை செய்யும் அதே குணம், ஓய்வின்போது தீமையாகிறது.

மின்வெட்டும் நமது குடாநாடும்

இனி, நமக்கு மிக நெருக்கமான விடயத்துக்கு வருவோம். இந்த ஹீற்றரும் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மக்கள் நாம். அண்மைக்காலத்திலும், 2020 ஓகஸ்ட் 17ஆந் திகதியும் 2025 பெப்ரவரி 9ஆந் திகதியும் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் மீண்டதும், புழுக்கம் தாளாமல் நம் கை முதலில் குளிரூட்டியை நாடுவது இயல்பே. ஆனால் அக்கணத்தில் எண்ணெய் இன்னும் சூடேறவில்லை. சில இயந்திரங்கள் மூன்று நிமிடம் தாமதித்துத் தாமாகத் தொடங்குவது கண்டு, அதுவே போதிய பாதுகாப்பு என்று கருதுதல் தவறு. அத்தாமதம் குழாய்களின் அமுக்கம் சமப்படுவதற்கேயன்றி, எண்ணெயைச் சூடாக்குவதற்கன்று.

இன்னொன்றும் உண்டு. காரைநகரிலும் வேலணையிலும் கோப்பாயிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழும் உறவினர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திறங்கி, பயணக் களைப்போடு கதவைத் திறந்ததும் முதலில் அழுத்துவது குளிரூட்டியின் பொத்தானையே. பல மாதங்களாக மெயின் சுவிச் அணைந்து கிடந்த இயந்திரம் அதுவாயின், அந்த முதல் நிமிடமே அதற்குப் பெரும் சோதனையாகும்.

நாம் செய்யத்தக்கவை

முதலில், நமது இயந்திரத்தில் ஹீற்றர் உண்டோ என்பதைக் கைந்நூலைப் பார்த்தோ தொழிலறிந்தவரைக் கேட்டோ தெரிந்துகொள்ளல் வேண்டும். சிறிய சுவர்க் குளிரூட்டிகள் பலவற்றில் அது இராது. அவற்றில் வாயுவின் அளவு குறைவாதலால் ஆபத்தும் குறைவு. சில இன்வேட்டர் வகைகள் தனி ஹீற்றருக்குப் பதிலாக மோட்டார்ச் சுருளிலேயே சிறு மின்னோட்டத்தைச் செலுத்திச் சூடாக்கிக்கொள்கின்றன. மண்டபங்கள், கடைகள், வைத்தியசாலைகள் ஆகியவற்றின் பெரிய இயந்திரங்களில் ஹீற்றர் பெரும்பாலும் இருக்கும்.

ஹீற்றர் உள்ள இயந்திரமாயின், நாள்தோறும் நிறுத்துவதற்கு றிமோட்டை மட்டும் பயன்படுத்துக. இடி மின்னல் வேளையிலும் திருத்த வேலையின்போதும் மெயின் சுவிச்சை அணைப்பது அவசியம், மற்றப்படி தேவையில்லை. நெடுங்காலம் நின்ற இயந்திரமாயின், மெயின் சுவிச்சைப் போட்டுவிட்டு, கைந்நூல் கூறும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 12 அல்லது 24 மணி நேரம் என்பர். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், “நாங்கள் வருவதற்கு முதல்நாள் மெயின் சுவிச்சைப் போட்டுவிடுங்கள், ஏசியைப் போட வேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 வாற்று ஹீற்றர் ஒன்று நாள் முழுதும் எரிந்தால் ஏறக்குறைய ஓர் அலகு. மாதத்திற்கு 29 அலகு. இது அற்பமன்று. ஆகவே மாதக்கணக்கில் உபயோகியாத இயந்திரத்துக்கு மின்சாரத்தை அணைத்து வைப்பதே சிக்கனம். நாள்தோறும் உபயோகிக்கும் இயந்திரத்திலோ, கொம்பிரசர் ஓடும்போது ஹீற்றர் பெரும்பாலும் அணைந்திருப்பதால் செலவு அதனினும் குறையும். புதிய கொம்பிரசரின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

கடைசியாக ஒன்று: ஹீற்றர் பழுதடைந்தால் அது நமக்கு அறிவிப்பதில்லை. அறை முன்போலவே குளிரும். எனவே வருடாந்தப் பரிசோதனையின்போது அதனையும் பார்க்கும்படி தொழிலறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து நாமே கைவைத்தல் உயிருக்கு ஆபத்து.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். நீண்ட மின்வெட்டுக்குப் பின் வீட்டில் வெளிச்சம் வரும் அந்த வேளையில், குளிரூட்டியைச் சற்றே காத்திருக்க விட்டு யன்னல்களைத் திறந்து வையுங்கள். யாழ்ப்பாணத்துக் காற்றுக்கு மெயின் சுவிச் ஏதும் இல்லை.