தலைவர் சொல்லும் ஊர்ச் சபையும்

போராட்ட காலத்தில் தலைமைக்குக் கீழ்ப்படிதல் தருமம் என்பதில் நமக்கு ஐயமில்லை. 1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் கொடியேந்திச் சென்று, தடியடிபட்டு உயிர் நீத்த குமரன் அக்கட்டுப்பாட்டின் உருவம். 1922 பிப்ரவரியில் சௌரி சௌரா சம்பவத்துக்குப் பின் காந்தியடிகள் ஒத்துழையாமையை நிறுத்தினார். சிறையிலிருந்த மோதிலால் நேரு, தாஸ் முதலியோர் மனம் நொந்தனர். எனினும் இயக்கம் நின்றது. லக்ஷக்கணக்கான ஜனங்களின் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை. போர்க்களத்தில் வாக்கெடுப்பு நடத்த இயலாதென்று ஒப்புக்கொள்வோம்.

ஆனால், வெற்றி கிட்டிய பின்னர் அதிகாரம் ஜனங்களிடம் சேர்ந்ததா?

அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினரைப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தவை, குறுகிய வாக்குரிமையால் அமைந்த மாகாணச் சட்டசபைகளே. அச்சபையின் நகல் சட்டத்தில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமில்லை. 1948 நவம்பர் 4-ல் டாக்டர் அம்பேத்கர், கிராமம் குறுகிய புத்திக்கும் வகுப்புப் பற்றுக்கும் உறைவிடமென்று கூறி அதை ஆதரித்தார். சேரியில் வாழ்ந்தோர் பட்ட துயரை அறிந்த எவரும் அவ்வச்சத்தை வீணென்று சொல்லார். அதே மாதம் நமது கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் பஞ்சாயத்து சட்டத்தில் ஏறிற்று. 40-வது ஷரத்து அதுவே. ஆயினும் அது கோர்ட்டில் வற்புறுத்த முடியாத நெறியாகவே இருந்தது. 1993-ல் 73-வது திருத்தம் அமலுக்கு வந்த பின்னரே கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் உரிய ஸ்தானம் கிடைத்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கிய இடங்கள், அம்பேத்கரின் அச்சத்துக்கு ஒருவாறு விடையாயின.

விசைத்தறிகள் நிறைந்த மங்கலம் முதலிய நொய்யற்கரை ஊர்களில் இன்னும் இரண்டு குறைகளைக் காண்கிறோம். வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவரே கிராம சபையின் அங்கத்தினர். பனியன் கம்பெனியிலும் தறியிலும் உழைக்கும் வெளிமாநிலத் தொழிலாளரின் வாக்கு அவர்தம் சொந்த ஊரில் இருக்குமாயின், இங்கே பல ஆண்டு வசித்தும் அவருக்குச் சபையில் இடமில்லை. இது ஒன்று. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தபோது, ஊர்ச் சபையின் சொல் அதைத் தடுக்கவில்லை. விவசாயிகள் கோர்ட்டுக்கு நடந்த பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றமே பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இது மற்றொன்று.

தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுவே. முன்னரே எழுதிய தீர்மானத்தைச் சபைக்குக் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்குவது ஜனநாயகமன்று. வழிகாட்டுங்கள், வாதாடுங்கள், வாக்கில்லாத தொழிலாளியின் குறையையும் சபையில் எடுத்துச் சொல்லுங்கள். பின்னர், உங்கள் கட்சிக்கு ஒவ்வாத தீர்மானத்தை ஊர் நிறைவேற்றினாலும் அதற்குத் தலைவணங்குங்கள். ஜனங்களைக் கீழ்ப்படியச் சொன்ன தலைவர்கள், ஜனங்களுக்குக் கீழ்ப்படியும் நாளே சுயராஜ்யம் முற்றுப்பெறும் நாள்.