பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா? சரியான மேக்னெட்டோவைக் கண்டுபிடிப்பது எப்படி?

50 வயதைக் கடந்த, அசல் நிலையில் இருக்கும் கார், பைக்குகளை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, 10 ஆண்டுகள் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ வரும். காரைக்கால் வண்டி என்றால் ‘பி.ஒய். வி.ஏ.’ சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

சரி, ஷெட்டில் கிடக்கும் வண்டியை வெளியே எடுக்கலாம் என்றால் முதல் முட்டுக்கட்டை இக்னிஷன்தான். “இது செட் ஆகும் சார்” என்று கடையில் தருவார்கள். போல்ட் போட்டால் உட்காரும், ஆனால் வண்டி ஓடாது. ஏன்?

முதலில், எந்த வகை இக்னிஷன்?

ஆரம்பகால கார்களில் மூன்று வகைகளை அதிகம் பார்க்கலாம்.

1. அதிரும் காயில்: 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி இந்த வகை. ஃபிளைவீலில் 16 காந்தங்கள், மரப்பெட்டியில் 4 காயில்கள். எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்பதை ‘டைமர்’ முடிவு செய்யும்.

2. ஹை-டென்ஷன் மேக்னெட்டோ: 1902-ல் போஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கியது. பேட்டரியே தேவையில்லை.

3. பேட்டரி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர்: பிற்பாடு எல்லாக் கார்களுக்கும் வந்தது இதுதான்.

ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு உதவாது.

மேக்னெட்டோவில் என்ன பார்க்கணும்?

சிலிண்டர் எண்ணிக்கை: போஷ் ‘டி.யு.4’, ‘இசட்.யு.4’ போன்ற பெயர்களில் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். 4 சிலிண்டர் மேக்னெட்டோ இன்ஜின் வேகத்திலேயே சுற்றும். 6 சிலிண்டருக்கு அதைவிட ஒன்றரை மடங்கு.

சுழலும் திசை: உடம்பில் அம்புக்குறி இருக்கும். இன்ஜின் பக்கம் இணையும் தண்டை நேராகப் பார்த்தபடி திசையைக் கணக்கிட வேண்டும். பின்பக்கமிருந்து பார்த்தால் தலைகீழாகிவிடும்.

தண்டின் உயரம்: அடிப்பாகத்திலிருந்து தண்டின் மையம் வரை அளக்கவும். கார்களில் 45 மி.மீ. பரவலான அளவு. சில மி.மீ. மாறினாலும் கப்ளிங் நேராக நிற்காது.

டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி என்றால் 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா, எர்த் பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும் பாருங்கள். 6 வோல்ட் காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் சூடாகி எரிந்துவிடும்.

காரைக்காலில் கூடுதல் சிக்கல் என்ன?

1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சாவூர் மாவட்டம். அதனால் இங்கே கிடைக்கும் பழைய வண்டி எந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். பிரெஞ்சுக் கார்களில் மரை மில்லிமீட்டர் கணக்கு. பிளக் பெரும்பாலும் 18 மி.மீ. மாடல் டி-யில் அரை அங்குல பைப் மரை. கைக்கு இறுகுகிறதே என்று மாற்றித் திருகினால் சிலிண்டர் ஹெட் மரையே போய்விடும். பிளக்கின் நீளமும் முக்கியம். அதிகமாக இருந்தால் பிஸ்டனோ வால்வோ இடிக்கும்.

அடுத்தது கடல் காற்று. பழைய மேக்னெட்டோ காயில்களுக்கு ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சுதான் இன்சுலேஷன். ஈரம் ஏறினால் அது கெடும். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நின்றுபோனால் காயில் அல்லது கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம்.

தவறான பாகம் ஆபத்தா?

ஆமாம். ஹேண்டில் போட்டுச் சுற்றும் வண்டியில் ஸ்பார்க் முன்கூட்டியே வந்தால் இன்ஜின் பின்னால் உதைக்கும். மணிக்கட்டு முறியலாம். அதனால்தான் சுற்றும் முன் ஸ்பார்க் லீவரைத் தாமத நிலைக்குத் தள்ளுவார்கள். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைப்பார்கள். வயர் வரிசையும் வண்டிக்கு வண்டி வேறு: மாடல் டி-க்கு 1-2-4-3, பல 4 சிலிண்டர் கார்களுக்கு 1-3-4-2.

புதுசு வாங்கணுமா?

அவசரப்பட வேண்டாம். காயிலைத் திரும்பச் சுற்றலாம், கண்டன்சரை மாற்றலாம், காந்தத்துக்கு மீண்டும் சக்தி ஏற்றலாம். குதிரைலாட வடிவ காந்தம் உள்ள மேக்னெட்டோவில், உள்ளே சுற்றும் ஆர்மேச்சரை உருவும் முன் காந்தத்தின் இரு முனைகளையும் இணைத்து ஓர் இரும்புத் துண்டை வைக்கணும். இல்லாவிட்டால் காந்தம் பலவீனமாகும்.

முக்கியமாக, வேலை செய்யாத மேக்னெட்டோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த வண்டிக்கு எது சரி என்பதற்கான முதல் ஆதாரம் அதுதான். சென்னை புதுப்பேட்டையில் தேடினாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும், தகடு, அம்புக்குறி, அடிப்பாகம், கப்ளிங் ஆகிய நான்கின் போட்டோவும் தண்டு உயர அளவும் கையில் இருக்கட்டும். பணம் கொடுப்பது அதற்கப்புறம்.