நாளொரு சொல், நாளொரு புதிர்

போட்டித் தேர்வு என்றதும் நம்மில் பலர் தடித்த வினா-விடைத் தொகுப்பைத் தேடிக் கடைத்தெருவுக்கு ஓடுகின்றனர். வங்கி அதிகாரிகளுக்கான முதல்நிலைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். 60 நிமிடங்களில் 100 வினாக்கள். ஆங்கிலம் 30, கணிதம் 35, பகுத்தறிதல் 35. ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடமே. பகுத்தறிதல் வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 34 விநாடி! இந்த வேகம் தேர்வுக்கு முந்திய மாதத்தில் வந்து சேருவதன்று.

எங்கள் கடியப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் வருவாய் வலையோடு ஏறி இறங்குவது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட எல்லா வீடுகளாலும் இயலாது. அவ்வீட்டுப் பிள்ளைக்கு நாள்தோறும் கிடைக்கும் முக்கால் மணி நேரமே பயிற்சி நிலையம். அதை எப்படிச் செலவிடுவது என்பதே என் பேச்சு.

முதலில் சொல். சொற்பயிற்சி நமக்கு மேனாட்டார் கற்றுத் தந்ததன்று. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளைக் கொண்டது, விருத்தப்பாவில் அமைந்தது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதியை எதுகை முறையில் அடுக்கினார். காரணம் என்ன? பிள்ளைகள் ஓசையைப் பற்றிக்கொண்டு சொல்லை மீட்டெடுக்க வேண்டும் என்பதுதான். ஆங்கிலச் சொற்களுக்கு அப்படிப்பட்ட பிடி வேர்ச்சொல். 'மால்' என்றால் தீயது, குறைவுபட்டது என்று அறிந்தவனுக்கு 'மால்நியூட்ரிஷன்', 'மால்பிராக்டிஸ்' இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். நாளொன்றுக்கு ஐந்து சொல் போதும். ஐம்பது சொல் எழுதுகிறவர் மறுவாரம் நோட்டைத் திறப்பதில்லை.

மறதியைப் பற்றியும் சிறிது அறிவது நலம். ஜெர்மன் உளவியலார் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு நாளுக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நழுவிவிட்டது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பத்தியைத் தந்தனர். ஒரு சாரார் அதையே திரும்பப் படித்தனர். மறுசாரார் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, மூடி எழுதியவர்கள் முந்தினர். ஆகவே, செய்தித்தாளின் தலையங்கத்தைப் படித்தபின் தாளை மடித்து வைத்து, அதன் கருத்தை நான்கு வரிகளில் எழுதுங்கள். வாசிப்புப் பயிற்சிக்கு இதைவிட வேறொன்றும் நான் அறியேன்.

இனிப் புதிர். கரையில் ஐந்து மீன் கூடைகள் வரிசையாக இருக்கின்றன. சாளைக்கும் நெத்திலிக்கும் இடையே ஒரே ஒரு கூடை. வாளையை ஒட்டி நெத்திலி. சூரை நட்டநடுவில். அயிலைக்கு இடப்பக்கம் எதுவுமில்லை. வரிசை யாது? வினாவில் முதலில் வருகிறதே என்று சாளை-நெத்திலியில் தொடங்கினால் ஆறு வழிகள் நம்மை மருட்டும். சூரையை மூன்றாமிடத்தில் ஊன்றிவிட்டால் ஆறும் இரண்டாகச் சுருங்கும். அயிலை முதலிடம், சாளையும் நெத்திலியும் இரண்டிலும் நான்கிலும், வாளைக்கு எஞ்சியது ஐந்து, அதை ஒட்டிய நான்கில் நெத்திலி. அயிலை, சாளை, சூரை, நெத்திலி, வாளை. உறுதியானதை முதலில் வை என்பதே இதன் சூட்சுமம்.

எங்கள் பெரியவர்கள் இக்கணக்கைக் கடலில் போடுகிறார்கள். மலையுச்சி ஒன்றையும் கரையிலுள்ள கோபுரம் ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் பிடிப்பார்கள். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை அவ்வாறே பிடிப்பார்கள். இரு கோடுகளும் வெட்டும் இடத்தின் அடியில்தான் மீன் திரளும் பார் இருக்கும். இதற்குக் கணியம் என்று பெயர். ஒரு கோடு மட்டும் இருந்தால் படகு எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். இரண்டாவது நிபந்தனையே இடத்தை முடிவு செய்கிறது. பள்ளிக்கூடத்தில் அமராத மனிதர் செய்யும் கணக்கு, பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கடினம் என்றால் நம்ப முடிகிறதா?

கடைசியாக, கழியும் மதிப்பெண். வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பர். ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்துக்கொண்டே போனால், சராசரியாக ஐந்து வினாக்களில் ஒன்று சரி, நான்கு தவறு. பெற்ற ஒன்றும் நான்கு கால்களில் கரைந்து பூச்சியமாகும். ஆனால் வேர்ச்சொல் தெரிந்து இரண்டு விடைகளை நீக்கிவிட்டால், மூன்று வினாக்களில் ஒன்று சரி, இரண்டு தவறு. அரை மதிப்பெண் கையில் நிற்கும். முழுப் பொருளும் தெரியாத சொல்கூட இவ்வாறு காசாகிறது. தமிழிலும் இதே நிலைதான். தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழுக்குரியவை. அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மறுபகுதி திருத்தப்படுவதே இல்லை. ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு நோட்டுப் போடுகிறவர்கள் தமிழுக்கும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.